கடல் வற்றிய நேரத்தில் ஆறாம் வாய்ப்பாடு

சிஸ்டர்ஸ் தீவுக்குப் போக நினைப்பவர்கள் படகு நேரம் பார்ப்பதற்கு முன்னால் ஓத அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில்தான் நம் கடல் நன்றாக வற்றும். ஆண்டின் நடுவில் அந்த வற்று விடியலுக்கு முன்னே வரும். ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் பொழுது சாயும் நேரத்தில் வரும். நண்பகலில் போய் இறங்கினால் மணல் உண்டு, மரநிழல் உண்டு, எதிரே நகரத்தின் கோபுரங்கள் உண்டு. ஆனால் நான் இங்கே சொல்லப்போகும் எதுவும் கண்ணில் படாது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

நாங்கள் போனது ஜூன் பள்ளி விடுமுறையில். நாங்கள் என்றால் நான், என் அக்கா மகள், தன்னார்வ வழிகாட்டி ஒருவர், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளையை அதிகாலை மூன்றரைக்கு எழுப்பிக் கூட்டிப்போக அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. "இருட்டுல பாறையில வழுக்கி விழுந்துட்டா என்னடி பண்ணுவே?" என்றாள். கணுக்காலுக்கு மேல் மூடும் ரப்பர் பூட்ஸ், நீளக் கால்சட்டை, தலையில் கட்டும் விளக்கு என்று எல்லாம் வாங்கி வந்து காட்டிய பிறகுதான் தலையாட்டினாள்.

மரினா சவுத் படகுத்துறையிலிருந்து வாடகைப் படகு கிளம்பியபோது வானம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. வரிசையாக நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனோம். மேற்கே புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வெளிச்சம் ஓர் ஊரே விழித்திருப்பதுபோலத் தெரிந்தது. உலகத்தின் நெருக்கடியான கப்பல் பாதைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில், ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் பவளப்பாறை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நம் ஊர்க்காரர்களே பலர் நம்புவதில்லை.

மலாயில் இந்தத் தீவுகளுக்குச் சுபார் லாவுட், சுபார் டாராட் என்று பெயர். அக்காள் தங்கை கதை ஒன்று உண்டு. மீனா என்ற அக்காள், லீனா என்ற தங்கை. தங்கையைக் கடற்கொள்ளையர் தலைவன் படகில் தூக்கிப் போகிறான், அக்காள் கடலில் நீந்தித் துரத்துகிறாள், புயல் வருகிறது, அக்காள் மூழ்க, தங்கையும் குதித்துவிடுகிறாள், மறுநாள் அந்த இடத்தில் இரண்டு தீவுகள். பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் மாற்றிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2014ல் இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடலையும் பக்கத்துப் பாறைத்திட்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 40 ஹெக்டர் பரப்பை சிங்கப்பூரின் முதல் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். பெரிய தீவைச் சீரமைப்பு வேலைகளுக்காக மூடி, 2024 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். சின்னத் தீவு ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் மட்டும். பொதுமக்கள் போக முடியாது.

கல்லுக்கு வாய் உண்டு

கரையில் இறங்கியதும் முதலில் கேட்டது சத்தம். எண்ணெய்யில் கடுகு பொரிவதுபோல நாலாபக்கமும் படபடவென்று. விரலைச் சொடுக்குவதுபோல் கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்களின் சத்தம் அது என்றார் வழிகாட்டி. பிறகு ஒரே ஒரு விதி சொன்னார். மணல் தெரியும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். கல் என்று தோன்றினால் மிதிக்காதீர்கள். முக்கால்வாசி அது கல்லாக இருக்காது.

அவர் முதலில் காட்டியது சப்பாத்தி அளவில், கவிழ்த்து வைத்த காளான் குடைபோல் இருந்த ஒன்று. காளான் பவளம் என்கிறார்கள். இளசாக இருக்கும்போது பாறையில் ஒட்டியிருக்கும். வளர்ந்ததும் காம்பு உடைந்து தனியாகக் கிடக்கும். விளக்கை நெருக்கிப் பிடித்தால் நடுவில் ஒரு கீறல். அந்தக் கீறலிலிருந்து நாலாபுறமும் விசிறி மடிப்புகள்போல மெல்லிய தகடுகள் விளிம்புவரை ஓடுகின்றன.

"அதுதான் வாய்" என்றார்.

"அப்போ பின்பக்கம்?" என்று கேட்டாள் அக்கா மகள். குழந்தைகள் கேட்கும் கேள்வி எப்போதும் அங்கேதான் போகும்.

"அதுவும் அதே வாய்தான்."

அவள் முகம் போன போக்கை எழுத முடியாது. ஆனால் பவளத்தின் உடல்கூறில் பாதி அந்தப் பதிலில் அடங்கிவிட்டது. பாலிப் என்பது ஒரு பை. மேலே ஒரு திறப்பு. அதைச் சுற்றிக் கைகள். திறப்பிலிருந்து ஒரு குட்டித் தொண்டை உள்ளே இறங்கும். அதற்குக் கீழே ஒரே ஓர் அறை, அதுவே வயிறு. அந்த அறையின் சுவரிலிருந்து மையத்தை நோக்கித் திரைகள் தொங்கும். உணவைச் செரிப்பதும் இனப்பெருக்கத்துக்கான முட்டைகள் உருவாவதும் அந்தத் திரைகளில்தான். உடல் சுவரே இரண்டு அடுக்குத்தான்: வெளித்தோல் ஒன்று, உள்தோல் ஒன்று, நடுவில் ஜெல்லிபோல ஒரு படலம். இதயம் இல்லை, இரத்தம் இல்லை, மூளை இல்லை. வலைபோலப் பரவிய நரம்புகள் மட்டும் உண்டு. மிச்சம் மீதியை வெளியே தள்ளுவதும் வந்த வழியே.

இப்படி ஒரு பை பாறைமேல் உட்கார்ந்துகொண்டு தன் அடிப்பக்கத்திலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து கிண்ணம் கட்டிக்கொண்டால் அது கல் பவளம். நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு எந்தக் கல்லைச் சுட்டால் கிடைக்குமோ அதே கால்சியம் கார்பனேட்தான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்குப் பயன்படுத்தியதும் அதனால்தான். கிண்ணத்துக்குள்ளேயும் தகடுகள் எழும்பும். அவை பாலிப்பின் திரைகளுக்கு இடையிடையே வந்து நிற்கும். காளான் பவளத்தில் நாங்கள் பார்த்த விசிறி மடிப்பு அதுதான். அது ஒரே பாலிப், அவ்வளவு பெரிது. மற்றப் பெரும்பாலான பவளங்களில் ஒரு பாலிப் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து, ஒரே தோலால் இணைந்து, ஒரு கூட்டுக்குடும்பமாக வாழும். மூளைப் பவளம் என்கிறோமே, அதில் பாலிப்புகள் வரிசையாக நின்று சுவரைப் பொதுவில் வைத்துக்கொள்வதால்தான் அந்த மூளை மடிப்பு வருகிறது.

மேசை அளவு உருண்டைப் பவளம் ஒன்று கிடந்தது. அதில் உயிருள்ள பகுதி எவ்வளவு என்று வழிகாட்டி கேட்டார். யாரும் சரியாகச் சொல்லவில்லை. மேலே சில மில்லிமீட்டர் தோல், அவ்வளவுதான். அடியில் இருப்பதெல்லாம் பழைய தலைமுறைகள் காலிசெய்துவிட்டுப் போன வீடுகள். இப்படிப்பட்ட உருண்டைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அந்தத் தோலுக்கு அடியிலேயே கூரான கிண்ண விளிம்பு இருக்கிறது. மேலே ஒரு பூட்ஸ் கால் பட்டால் தோல் தன் வீட்டுச் சுவரிலேயே நசுங்கும். மிதிக்காதீர்கள் என்ற விதிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை; அதன் பிறகு என் அக்கா மகள் கோலத்தைத் தாண்டுவதுபோல நடந்தாள்.

சுருக்குப்பை

இன்னும் கொஞ்சம் தள்ளி, முட்டளவு தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஒரு கம்பளம் விரித்துக் கிடந்தது. அரை மீட்டர் அகலம் இருக்கும். விளிம்பு புடவை மடிப்புபோல அலையலையாக இருந்தது. மேலே குட்டிக் குட்டியாக ஆயிரம் விரல்கள். கம்பள அனிமோன். தமிழில் கடல் சாமந்தி என்பார்கள், பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாகவே படும். ஆனால் இந்தச் சாமந்தி மீனையும் இறாலையும் தின்னும்.

உள்ளே பார்த்தால் பவளத்தின் அதே பைதான். வாய், தொண்டை, ஒரே அறை, திரைகள். கிண்ணம் மட்டும் கட்டவில்லை. அதற்குப் பதிலாக அடியில் ஒரு தட்டையான பாதம். அதை மணலுக்கு அடியில் இருக்கும் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிடிக்காவிட்டால் மெல்ல மெல்ல இடம் மாறவும் செய்யும். வீடு இல்லாததால் ஒளிந்துகொள்ள வேறு வழி வைத்திருக்கிறது. தொந்தரவு செய்தால் உடலில் இருக்கும் தண்ணீரை வாய் வழியாக வெளியேற்றி, திரைகளில் உள்ள தசைநார்களை இழுத்துக்கொண்டு, மணலுக்குள் இறங்கிவிடும். சில வகை அனிமோன்களுக்கு வாய்ப்பக்க விளிம்பைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கும். பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் எப்படிச் சுருங்குமோ அப்படியே சுருங்கிக் கைகளை உள்ளே மூடிக்கொள்ளும்.

தண்ணீர் வற்றிய நேரத்தில் பாறையில் அசிங்கமாகத் தொங்கும் பழுப்பு உருண்டைகளைப் பார்த்து மக்கள் முகம் சுளிப்பதுண்டு. அவற்றில் பல இப்படிச் சுருக்குப்பை ஆகிவிட்ட அனிமோன்கள்தான். கடல் திரும்பியதும் மலரும்.

கம்பள அனிமோனைத் தொடக்கூடாது. யார் கையாவது தவறிப்போய்ப் பட்டால் பசைபோல ஒட்டும். அது பசை அல்ல. ஒவ்வொரு விரலிலும் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுருட்டி வைத்த நூல், அழுத்தத்தோடு மூடிய ஒரு குமிழில். தொட்டதும் மூடி திறந்து நூல் பாயும். உயிருலகில் நடக்கும் மிக வேகமான அசைவுகளில் அது ஒன்று. நம் உள்ளங்கைத் தோல் தடிமனானதால் நூல்கள் ஆழமாக இறங்காமல் ஒட்டுவதுபோலத் தோன்றுகிறது. மெல்லிய தோலில் பட்டால் கதை வேறு. பவளத்துக்கும், ஜெல்லி மீனுக்கும் இந்தச் செல் உண்டு. இந்தக் குலம் முழுவதற்கும் விலங்கியல் வைத்த பெயர் நிடேரியா. கிரேக்கத்தில் தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடியின் பெயரிலிருந்து வந்தது. நம் கடற்கரை மீனவர்கள் ஜெல்லி மீனைச் சொறி என்றுதான் சொல்வார்கள். கிரேக்கரும் நம்மவரும் ஒரே அனுபவத்திலிருந்து ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பளத்தின் மடிப்புக்குள் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் படுத்திருந்தது. "நீமோ!" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். கோமாளி மீன். அதன் உடலில் உள்ள வழவழப்புப் பூச்சால் அனிமோன் அதைக் கொட்டுவதில்லை. இந்த மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகும். படத்தில் வரும் அப்பாவுக்கு உண்மையில் என்ன ஆகியிருக்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னபோது பெரியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

எண்ணிப் பார்க்கலாம்

யார் யாருக்கு உறவு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கைகளை எண்ண வேண்டும்.

பாறைக்கு ஓரமாக ஓர் ஆழமான குட்டையில் பழுப்புப் பூங்கொத்துபோல ஒரு பவளம் விரிந்திருந்தது. நீளக் காம்பு, முனையில் பூ. கோனியோபோரா என்ற கல் பவளம்; பகலிலும் பாலிப்புகளை நீட்டிக்கொண்டிருக்கும் சில வகைகளில் ஒன்று. "ஒரு பூவில் எத்தனை இதழ்?" என்றார். அக்கா மகள் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை எண்ணி, "இருபத்துநாலு" என்றாள். இதேபோல இருக்கும் ஆல்வியோபோரா என்ற வகைக்குப் பன்னிரண்டுதான். வெளிப்பார்வைக்குக் குழம்பவைக்கும் இந்த இரண்டையும் கைகளை எண்ணித்தான் பிரிக்கிறார்கள்.

"பன்னிரண்டு, இருபத்துநாலு... எந்த வாய்ப்பாடு?"

"ஆறாம் வாய்ப்பாடு!"

அதேதான். கல் பவளங்களும் அனிமோன்களும் ஆறின் மடங்கில் உடலைப் பகுத்துக்கொள்கிற ஒரு கிளை. கைகள், உள்ளே தொங்கும் திரைகள், கிண்ணத்தின் தகடுகள் என்று எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஆறு எட்டிப்பார்க்கும். பாறையில் பொத்தான் பொத்தானாகப் படரும் சோயாந்திட்களும், ஆழ்கடல் கறுப்புப் பவளமும் இந்தக் கிளையில்தான் வரும். எல்லா அனிமோனும் இந்தக் கணக்குக்கு ஒழுங்காக அடங்கும் என்று சொல்லிவிட முடியாது. கம்பள அனிமோனின் விரல்களை எண்ணப் போனால் அதற்குள் கடல் ஏறிவிடும்.

கொஞ்சம் தள்ளி, தோல் செருப்பை ஊறவைத்ததுபோல ஒரு தடித்த பொருள் மடிந்து கிடந்தது. தோல் பவளம் என்கிறார்கள். கல் வீடு கட்டாத மென் பவளங்களில் ஒன்று. வற்றிய நேரத்தில் பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்த ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையும் இறகுபோல இருபுறமும் கிளைத்திருந்தது. இந்த எட்டில் சமரசமே கிடையாது. ஏழு இல்லை, பதினாறு இல்லை. மென் பவளம், கடல் விசிறி, கடல் பேனா எல்லாம் இந்த எட்டுக்காரர்கள்.

இரண்டு கிளைகளையும் சேர்த்துத்தான் ஆந்தோசோவா என்கிறார்கள், பூ விலங்குகள் என்று பொருள். இதில் சாங்கி கடற்கரையிலும் செக் ஜாவாவிலும் மணலில் குழாய் கட்டி வாழும் மயில் அனிமோனை எங்கே வைப்பது என்று வகைப்படுத்துபவர்கள் நெடுநாளாக வாதிட்டு வருகிறார்கள். பெயரில்தான் அனிமோன், உண்மையான அனிமோன் இல்லை. வெளியே நீளமான கைகள் ஒரு வளையம், வாயைச் சுற்றிக் குட்டையானவை இன்னொரு வளையம்.

என் அம்மா விரலில் ஒரு பவள மோதிரம் போட்டிருப்பார். லிட்டில் இந்தியாவில் ஜோசியர் சொல்லி வாங்கியது, செவ்வாய்க்கு. அந்தச் சிவப்புப் பவளம் இந்தப் பாறைகளிலிருந்து வருவது அல்ல. காலங்காலமாகப் பேர்போனது மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் மிக மெதுவாக வளரும் சிவப்புப் பவளம். அது எட்டாம் வாய்ப்பாட்டுக்காரன். இந்தியர்களுக்குப் பவளத்தின்மேல் இருக்கும் ஆசை ரோமர்களுக்கு முத்தின்மேல் இருக்கும் ஆசைக்குச் சமம் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதி வைத்திருக்கிறார். கப்பல் கப்பலாக நம் பக்கம் வந்திருக்கிறது.

அந்தச் சிவப்புப் பவளத்தை வைத்துத்தான் அது செடியா விலங்கா என்ற சண்டையும் நடந்தது. 1706ல் மார்சீலி என்ற இத்தாலியப் பிரபு, புதிதாக எடுத்த பவளக் கிளையைக் கடல்நீரில் போட்டு வைத்தபோது வெள்ளைப் பூக்கள் மலர்ந்ததைக் கண்டார். எட்டு இதழ். ஆகவே செடி என்று முடிவு செய்தார். 1720களில் மார்சேயைச் சேர்ந்த மருத்துவர் பெய்சொனெல் அந்தப் "பூக்கள்" சுருங்கி விரிவதைக் கவனித்து, இவை பூக்களே அல்ல, உயிரினங்கள் என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அங்கே செல்வாக்கோடு இருந்த ரேமூர் அதை நம்பவில்லை. இப்படிச் சொல்பவர் ஊர் வாயில் விழவேண்டாமே என்று, பெயரைச் சொல்லாமலே அந்தக் கருத்தைச் சபையில் வைத்தாராம். 1740களில் ட்ரெம்ப்ளே என்பவர் குளத்து ஹைட்ராவை ஆராய்ந்து, செடிபோல் இருக்கும் விலங்கு உண்டு என்று காட்டிய பிறகுதான் ரேமூர் இறங்கி வந்தார். வாயுள்ள ஒன்றைக் கல் என்றும் பூ என்றும் சொல்லிக்கொண்டிருந்ததில் நாம் மட்டும் தனியாக இல்லை.

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். மோதிரத்தைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டுக் கையா? எனக்கு ரெண்டு கை வச்சுக்கிட்டே சமாளிக்க முடியல" என்றுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனார்.

வெள்ளை

நடையின் முடிவுக்கு முன் ஒரு பவளத்தின் அருகில் எல்லோரையும் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் பழுப்பு, நடுவில் பச்சையும் சாம்பலுமாக ஒரு திட்டு, இன்னொரு பக்கம் வெள்ளை. பளீரென்ற வெள்ளை.

"இது செத்துடுச்சா, சித்தி?" என்றாள் சின்னக் குரலில்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். வெள்ளைப் பகுதியின்மேல் ஈரமான கண்ணாடித்தாள்போல ஒரு மினுமினுப்பு. கிண்ணங்களுக்குள் சின்ன மேடுகள். தோல் இருக்கிறது, வாய் இருக்கிறது. அது உயிரோடு இருக்கிறது என்றார். செத்தது நடுவில் இருந்த அந்தச் சாம்பல் திட்டு. அங்கே கிண்ணங்கள் காலி. பாசியும் சேறும் படிந்திருந்தது. வெள்ளையைப் பார்த்துப் பயப்படும் நாம் சாம்பலைப் பார்த்துக் கடந்துவிடுகிறோம்.

பாலிப்பின் உள்தோல் செல்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். பல பவளங்களுக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதி இந்த வாடகையிலிருந்துதான் வருகிறது. கைகளால் பிடித்துத் தின்பது கூடுதல் வரும்படி. நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரரின் நிறம். கடல் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் இருந்துவிட்டால் நுண்பாசிகள் தடுமாறி நச்சுப் பொருள்களை வெளியிட ஆரம்பிக்கும். பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். தோல் கண்ணாடிபோல ஆகிவிடுவதால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வீடு வெள்ளையாகத் தெரியும். அனிமோன்களுக்கும் இதே கதைதான். வெளுத்த பாலிப் பட்டினியில் இருக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் நுண்பாசிகள் திரும்பிவரும், நிறமும் வரும். குளிராவிட்டால் சாம்பல் திட்டு வரும்.

சிங்கப்பூர் இதை நான்கு முறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது: 1998, 2010, 2016, 2024. 1998ல் பத்தில் ஒன்பது பவளங்கள் வெளுத்தன. ஏறத்தாழ கால்பங்கு பிழைக்கவில்லை. 2024 ஜூலையில் உச்சத்தில் 44 விழுக்காடு அளவுக்கு வெளுத்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டிறுதிக்குள் தேறிவிட்டன. இதைச் சொல்லிவிட்டு, தேறுவதற்கு நேரம் வேண்டும், இரண்டு வெப்ப அலைகளுக்கு நடுவே கிடைக்கும் ஆண்டுகள்தான் கவலை என்றார் வழிகாட்டி. முகத்தில் கவலை தெரிந்தது. குரலில் காட்டிக்கொள்ளவில்லை, பிள்ளைகள் இருந்ததால்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. நில மீட்பில் நம் பவளப்பாறைகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டன. நான் ஓடிப் பழகும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவே மண் கொட்டி உருவாக்கிய கரைதான். மிச்சமிருக்கும் இடங்களிலும் தண்ணீர் கலங்கலாக இருப்பதால் வெளிச்சம் ஆழத்துக்கு இறங்காது. சில மீட்டர்களுக்குக் கீழே பவளம் குறைந்துகொண்டே போகும். அப்படியும் 250க்கு மேற்பட்ட கல் பவள வகைகள் இங்கே இருக்கின்றன, உலகில் உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களை வளர்த்து நடும் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது பத்தாண்டுகள் ஆகும் வேலை. இன்னும் பெயரிடப்படாதவையும் உண்டு. 2014ல் சிங்கப்பூர்க் கடலில் கண்ட ஓர் அனிமோன் அறிவியலுக்கே புதியது என்று தெரிந்து, சின்பீச்சியா தெமாசெக் என்று நம் ஊரின் பழைய பெயரைச் சூட்டினார்கள். மணலுக்குள் புதைந்து வாழும் புழுப்போன்ற உடல். அழகி என்று சொல்ல முடியாது. எனக்கு என்னவோ பிடித்துப்போயிற்று.

போக விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். தீவுக்கு வழிகாட்டியோடு போவதே நல்லது. பாறையில் கல்மீன் இருக்கும், தெரியாமல் மிதித்தால் மருத்துவமனைதான். செருப்பு வேண்டாம், மூடிய காலணி. எதையும் எடுத்துவர வேண்டாம், காலி ஓடுகூட. படகுச் செலவு யோசிக்கவைத்தால், ஆண்டிறுதி மாலைகளில் கடல் வற்றும்போது சாங்கி கடற்கரைக்குப் பேருந்திலேயே போகலாம். அங்கே மணலில் கம்பள அனிமோனும் மயில் அனிமோனும் பார்த்திருக்கிறேன். புலாவ் உபினில் உள்ள செக் ஜாவாவைக்கூட மண் கொட்டி மூடவிருந்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த பிறகு, 2001 கடைசியில் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

கிழக்கே வெளுக்கும்போது தண்ணீர் திரும்ப ஆரம்பித்தது. முதலில் குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பிறகு கம்பளம் மெல்ல உப்பியது. படகுக்கு நேரமாகிவிட்டது. படகில் அக்கா மகள் கேட்டாள், நடக்க முடியாத இதுங்க எப்படிக் கல்யாணம் பண்ணிக்கும் என்று. வழிகாட்டியே பதில் சொன்னார். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் பௌர்ணமிக்குப் பிறகு மூன்றாவது இரவிலிருந்து ஐந்தாவது இரவுக்குள், இருட்டிச் சில மணி நேரத்தில், பல வகைப் பவளங்கள் ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் சேர்ந்த இளஞ்சிவப்பு உருண்டைகளை அதே வாய் வழியாக விடும். அவை மேலே மிதந்து போய், உடைந்து, வேறு குடும்பத்தின் உருண்டைகளோடு கலக்கும். சில நாள்களில் குட்டி நீந்தி வந்து ஒரு பாறையில் ஒட்டி, முதல் கிண்ணத்தைக் கட்ட ஆரம்பிக்கும்.

நான் கைபேசியில் நாள்காட்டியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பௌர்ணமி நமக்குப் பங்குனி உத்திரமாகவோ சித்ரா பௌர்ணமியாகவோ இருக்கும். "அப்போ உத்திரம் முடிஞ்சு மூணாம் நாள்" என்று அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.